பாம்புக் குழியின் பேஸ் ஒலி

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்காவின் கார் ஊரான டெட்ராய்ட் நகரைப் பற்றி எழுதும்போது, அங்கே பிறந்த மோடவுன் ரெக்கார்டு கம்பெனியை ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். நான் பொழுதுபோக்காக பேஸ் கிடார் வாசிப்பவன். அறுபதுகளின் மோடவுன் பாட்டுகளில் வரும் அந்த மொத்தையான, உருண்டு வரும் பேஸை வீட்டில் எடுக்கப் பார்க்கிறேன். புதுக் கம்பி, நல்ல ஆம்ப் (ஒலிபெருக்கி) எல்லாம் இருந்தும் கணீர் கணீர் என்றுதான் வருகிறது. அந்த ஸ்டூடியோவின் சுவர்களில்தான் சூட்சுமம், இனி யாருக்கும் வராது என்கிறார்கள் நண்பர்கள். உண்மையா?

ஆர்., மதுரை

அன்புள்ள ஆர்.,

சுவரில் ஒன்றும் இல்லை. பாடகர் ஜாக்கி வில்சனின் ‘ஹையர் அண்ட் ஹையர்’ பாட்டை உங்கள் நண்பர்களுக்குப் போட்டுக் காட்டுங்கள். கேட்டால் மோடவுன் என்றே சத்தியம் செய்வார்கள். அது வேறு கம்பெனிக்காக 1967-ல் சிகாகோவில் பதிவானது. மோடவுன் வாத்தியக்காரர்கள் அங்கே போய் வாசித்துக் கொடுத்தார்கள். ஆட்கள் போன இடத்துக்கு ஒலியும் போயிருக்கிறது.

ஆனாலும் அந்த வீட்டைத் தெரிந்துகொள்வது நல்லது, உங்கள் முதல் தவறு அங்கேதான் பிடிபடும். முகவரி 2648, வெஸ்ட் கிராண்ட் புலவார்ட். முன்பு போட்டோ ஸ்டூடியோவாக இருந்த மாடி வீடு. ஜாஸ் ரெக்கார்டுக் கடை வைத்து நொடித்துப்போய், கார் ஆலையின் அசெம்பிளி லைனில் நின்ற பெர்ரி கோர்டி, 1959 ஜனவரியில் குடும்பச் சேமிப்பு நிதியிலிருந்து 800 டாலர் கடன் வாங்கித் தொழில் தொடங்கினார். அதே ஆண்டு இந்த வீட்டை வாங்கினார். கன்ட்ரோல் அறையிலிருந்து சில படிகள் இறங்கினால் ஸ்டூடியோ. கூரையிலிருந்து கேபிள்கள் தொங்கிக் கிடந்ததால் வாசிப்பவர்கள் அதைப் ‘பாம்புக் குழி’ என்றார்கள்.

அவ்வளவு சின்ன இடத்தில் ட்ரம்ஸ், பியானோ, வைப்ராஃபோன், மூன்று கிடார், ஒரு பேஸ். ஆளுக்கொரு ஆம்ப் வைத்தால் எல்லாச் சத்தமும் ட்ரம்ஸ் மைக்கில் போய் விழும். அதனால் கிடார்களும் பேஸும் வயர் வழியாக நேராக கன்சோலுக்கு, அதாவது ஒலிகளைக் கலக்கும் மேசைக்குப் போயின. வாசித்ததை எல்லாரும் ஒரே ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டார்கள். எனவே ஆம்பை முதலில் ஓரம் கட்டுங்கள். டிஐ பாக்ஸ் (கிடாரை ஆம்ப் இல்லாமல் நேராகப் பதிவுக் கருவியில் இணைக்கும் சின்னப் பெட்டி) இருந்தால் அதன் வழியாக, இல்லையென்றால் கம்ப்யூட்டருக்கு ஒலியை அனுப்பும் ஆடியோ இன்டர்ஃபேஸில் கிடாருக்கென்று இருக்கும் உள்ளீட்டில் செருகுங்கள். சாதாரண லைன் உள்ளீட்டில் செருகினால் ஒலி சோகையாக வரும், பிறகு என்ன செய்தாலும் தேறாது.

அடுத்தது கம்பி. மோடவுனின் பேஸ் வாத்தியக்காரர் ஜேம்ஸ் ஜேமர்சன் வைத்திருந்தது 1962-ம் ஆண்டு ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ். அதில் லா பெல்லா கம்பெனியின் தடித்த ஃபிளாட்வவுண்ட் (தட்டை இழை சுற்றிய, வழவழப்பான) கம்பிகள். அறுந்தால் ஒழிய மாற்ற மாட்டார் என்பார்கள். நீங்கள் புதுக் கம்பி போட்டதாகப் பெருமையாக எழுதியிருக்கிறீர்கள், கணீருக்குப் பாதிக் காரணம் அதுதான். ஜேமர்சனின் செட்டில் கம்பித் தடிமன் 0.052 முதல் 0.110 அங்குலம் வரை. கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் ரவுண்ட்வவுண்ட் (உருண்டை இழை சுற்றிய) செட்டில் மெல்லிய கம்பி 0.045. கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் சின்னக் கட்டைதான் நட்; 0.045-க்கு அறுத்த அதன் பள்ளத்தில் 0.052 கம்பி உட்காராது, மேலேயே நிற்கும். முதல் இரண்டு ஃப்ரெட்டில் சுருதி ஏறிப் பேசும். நட்டை ராவிக் கொடுக்கச் சொல்லுங்கள். இழுவிசையும் கூடுதல் என்பதால் கழுத்து முன்னால் வளையும். கழுத்துக்குள் இருந்து வளைவைச் சரிசெய்யும் ட்ரஸ் ராட் கம்பியை ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருப்பாதீர்கள், ஒரு நாள் விட்டுப் பாருங்கள்.

விரல் விஷயம் இன்னும் முக்கியம். ஜேமர்சன் டபுள் பேஸிலிருந்து வந்தவர். வலது கையில் ஆள்காட்டி விரல் ஒன்றை மட்டுமே பயன்படுத்தினார். ‘கொக்கி’ என்றே அதற்குப் பெயர். இரண்டு விரல் மாற்றி மாற்றி வாசித்தால் ஒரு அடி கனமாகவும் ஒரு அடி லேசாகவும் விழும். ஒரே விரலில் அந்த ஏற்ற இறக்கம் குறையும். இடது கை இடம் மாறும் நேரத்தில் திறந்த கம்பியை மீட்டிச் சமாளிப்பார். அந்தத் திறந்த ஸ்வரங்களை விட்டுவிட்டு ‘சுத்தமாக’ வாசிப்பவர்களுக்கு ஸ்வரம் வரும், உருளல் வராது.

எதிரொலிக்கு வீட்டின் பரணில் ஒரு அறை. பாடகரின் குரல் அங்கிருக்கும் ஸ்பீக்கரில் ஒலிக்கும், எட்ட நிற்கும் மைக் அதைப் பிடித்துக் கன்சோலுக்குத் திருப்பி அனுப்பும். உங்கள் குளியலறையில் இதைச் செய்யலாம்: ஸ்பீக்கரைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வையுங்கள், மைக்கைப் பார்த்து அல்ல. தண்ணீர் மோட்டார் ஓடும் நேரம் வேண்டாம். பேஸை மட்டும் அங்கே அனுப்பாதீர்கள், சேறாகிவிடும்.

பேஸ் தனியாகவும் நிற்காது. இரண்டாவது, நான்காவது அடியில் ஸ்நேர் ட்ரம், சலங்கை வைத்த டாம்பரின், கிடார் மூன்றும் சேர்ந்து வெட்டும். சுப்ரீம்ஸ் குழுவின் ‘வேர் டிட் அவர் லவ் கோ’ பாட்டில் (1964) பலகை மேல் காலால் மிதித்த சத்தம்தான் தாளம். 1965-ல் வந்த இன்னொரு மோடவுன் பாட்டான ‘நோவேர் டு ரன்’னில் பனிக்காலத்தில் கார் டயருக்குப் போடும் சங்கிலியைக் குலுக்கியிருக்கிறார்கள். அந்தப் பாட்டைத் தொலைக்காட்சிக்காக ஃபோர்டு மஸ்டாங் ஆலையின் அசெம்பிளி லைனிலேயே படம் பிடித்தார்கள். கார் ஊரின் பாட்டு வேறெங்கே போகும்? மிக்ஸ் முடிந்ததும் கார் ரேடியோவில் இருப்பதுபோன்ற சின்ன ஸ்பீக்கரில்தான் போட்டுப் பார்த்தார்கள். நீங்களும் போன் ஸ்பீக்கரில் கேளுங்கள். பேஸ் காணாமல் போனால் ஆழத்தைக் கூட்டாதீர்கள். 70 ஹெர்ட்ஸுக்குக் கீழே குறைத்து, நடுப்பகுதியைக் கொஞ்சம் ஏற்றுங்கள்.

இந்த வாத்தியக்காரர்களின் பெயர் 1971-ல் பாடகர் மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ ஆல்பம் வரும்வரை மோடவுன் உறைகளில் பெரும்பாலும் அச்சாகவில்லை. மறு ஆண்டு கம்பெனி லாஸ் ஏஞ்சல்ஸுக்கு மூட்டை கட்டியது. சுவர் இன்னும் அங்கேயே இருக்கிறது, 1985 முதல் மியூசியமாக.

கம்பி செட் விலை அதிகம், உடனே வாங்க வேண்டாம். பாத்திரம் தேய்க்கும் பஞ்சில் விரல் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி, பிரிட்ஜ் (கம்பிகளின் கீழ்முனையைத் தாங்கும் பகுதி) ஓரமாகக் கம்பிகளுக்கு அடியில் செருகுங்கள். ஜேமர்சனின் பிரிட்ஜ் மூடிக்கு அடியிலும் பஞ்சு இருந்தது. ‘டொக்’ என்று செத்துப்போனால் பஞ்சு தடிமன், பாதியாகச் சீவுங்கள். ஒரு கம்பி மட்டும் செத்தால் பஞ்சு சாய்ந்திருக்கிறது. மீட்டிய ஸ்வரம் ஓரிரு அடி நின்று அடங்கினால் சரி. அதற்குப் பிறகும் கணீர் மிச்சமிருந்தால் கம்பிக்குக் காசு செலவழியுங்கள்.