ஹைகோர்ட் செய்தியை எப்படிப் படிக்கது? வாசகர் கேள்வி-பதில்

கோர்ட் செய்தி எப்படி எழுதுதாவ, எதை நம்புறதுன்னு கேட்டு இந்தத் தடவை நிறைய பேர் எழுதியிருக்காவ. நம்ம பக்கத்துக் கேள்வியா எடுத்துப் பதில் சொல்லுதேன்.

கங்கைகொண்டான் வாசகர்: அண்ணாச்சி, 2016 நவம்பர்ல தாமிரபரணி தண்ணியை கூல்டிரிங்ஸ் கம்பெனிக்குக் குடுக்க ஹைகோர்ட் தடைன்னு வந்துச்சு. 2017 மார்ச்ல அதே கோர்ட் கேஸைத் தள்ளிட்டுன்னு வந்துச்சு. எது உண்மை?

ரெண்டும் உண்மைதான் அண்ணாச்சி. மொதல்ல வந்தது இடைக்காலத் தடை, அதாவது கேஸை முழுசா கேட்டு முடிக்கிற வரைக்கும் நிறுத்தி வைங்கன்னு சொல்லது, யார் பக்கம் நியாயம்னு கோர்ட் அப்ப இன்னும் முடிவே பண்ணல. மார்ச்ல விசாரிச்சு முடிச்சு மனுவைத் தள்ளுபடி பண்ணாவ, அதோட தடையும் போச்சு. தப்பு நடக்கது தலைப்புலதான். இடம் பத்தலைன்னு 'இடைக்கால'ங்கிறதை எடுத்துட்டா படிக்கவிய கேஸே ஜெயிச்சாச்சுன்னு வீட்டுக்குப் போயிருதாவ, அடுத்த வாய்தா என்னைக்குன்னு கேக்க ஆள் இருக்காது. தடை வந்த அன்னைக்கு மொத பக்கத்துல போட்ட செய்திக்கு முடிவு வரும்போதும் மொத பக்கத்துல இடம் குடுக்கணும், அதை நான் ஆபீஸ்ல சண்டை போட்டே கேப்பேன்.

கோவில்பட்டி வாசகர்: நீதிபதி காட்டமா கேட்டாருன்னு டிவியில ஓடுது, ஆர்டரைப் பாத்தா அந்த வரியே இல்ல. இப்படி வாய் வார்த்தையை எழுதலாமா?

எழுதலாம். சுப்ரீம் கோர்ட்டே சொல்லியாச்சு. 2021 ஏப்ரல் கடைசி, கொரோனா உச்சத்துல இருந்த நேரம். கரூர் தொகுதி ஓட்டு எண்ணிக்கையில கொரோனா பாதுகாப்பு வேணும்னு போட்ட வழக்குல, சென்னை ஹைகோர்ட் முதல் பெஞ்ச், அதாவது தலைமை நீதிபதி இருக்க பெஞ்ச், தேர்தல் கமிஷனைப் பாத்து உங்க மேல கொலை கேஸே போடலாம்ங்கிற மாதிரி பேசிருச்சு. அன்னைக்கு நாடு பூரா அதான் செய்தி. ஆனா எழுதி வந்த ஆர்டர்ல அது கிடையாது. கமிஷன் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயி, அந்தப் பேச்சை நீக்கணும், வாய்மொழியா சொல்லதை மீடியா போடக்கூடாதுன்னு கேட்டுச்சு. மே 6-ம் தேதி நீதிபதிகள் சந்திரசூட்டும் எம்.ஆர்.ஷாவும் முடியாதுன்னுட்டாவ. கோர்ட்ல நடக்கதை எழுத மீடியாவுக்கு உரிமை இருக்கு, ஹைகோர்ட் பேசுனது கடுமைதான், ஆனா அது ஆர்டர்லயே இல்லாதப்ப எதை நீக்கச் சொல்லுதீங்கன்னு கேட்டாவ. ஜனநாயகத்துக்கு இது பெரிய தீர்ப்புன்னு நான் நினைக்கேன், ஏன்னா கதவைத் தொறந்து வச்சு விசாரிச்சுட்டு வெளிய சொல்லாதன்னா அது தொறந்த கோர்ட்டே இல்ல.

ஆனா உரிமை இருக்குன்னா பொறுப்பும் இருக்கு. நீதிபதி கேள்வி கேக்கது வக்கீலோட வாதம் நிக்குதான்னு பாக்க. காலைல அரசு வக்கீலை உண்டு இல்லன்னு ஆக்குன அதே நீதிபதி சாயங்காலம் அரசு பக்கமே ஆர்டர் போட்டதை எத்தனையோ தடவை பாத்திருக்கேன். அதனால 'நீதிபதி கேட்டார்'னு எழுத வேண்டிய இடத்துல 'ஹைகோர்ட் உத்தரவு'ன்னு எழுதவே கூடாது.

பாளையங்கோட்டை கல்லூரி மாணவி: அண்ணே, கோர்ட் ரிப்போர்ட்டர் ஆகணும்னா லா படிச்சிருக்கணுமா?

படிச்சா நல்லது தங்கச்சி, கட்டாயம் இல்ல. சுப்ரீம் கோர்ட்ல ரிப்போர்ட்டரா அங்கீகாரம் வாங்க சட்டப் பட்டம் கேட்டுக்கிட்டு இருந்தாவ, 2024 அக்டோபர்ல அதையும் தளர்த்திட்டாவ. ஹைகோர்ட்டோட மதுரை கிளை 2004 ஜூலை 24-ல தொறக்கதுக்கு முன்னாடி நம்ம ஆளு ஒரு ரிட், அதாவது அரசை எதுத்து ஹைகோர்ட்ல நேரா போடுற மனு, போடணும்னா நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறி சென்னைக்குப் போகணும், இப்ப மதுரை போனா போதும், அதனால தென் மாவட்டத்துச் செய்தி பூரா அங்கதான் கிடக்கு. முந்தின நாளே காஸ் லிஸ்ட்டை, அதாவது மறுநாள் விசாரிக்கிற கேஸ் பட்டியலை, பாத்து எந்த ஐட்டம் ஊருக்கு முக்கியம்னு குறிச்சுக்கணும், ஹால்ல நோட்டுல எழுதிக்கணும், வெளிய வந்ததும் ரெண்டு தரப்பு வக்கீலையும் பாக்கணும். ஒருத்தரை மட்டும் கேட்டா அவரு ஜெயிச்ச மாதிரிதான் சொல்லுவாரு.

தென்காசி வாசகர்: ஹைகோர்ட் கேஸ் எல்லாம் லோக்கல் விஷயம்தானே, டெல்லி அரசியலுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?

1975 ஜூன் 12, அலகாபாத் ஹைகோர்ட்ல நீதிபதி ஜக்மோகன் லால் சின்ஹா, அப்ப பிரதமரா இருந்த இந்திரா காந்தி தேர்தல்ல ஜெயிச்சது செல்லாதுன்னு தீர்ப்பு குடுத்தாரு. 24-ம் தேதி சுப்ரீம் கோர்ட்ல நீதிபதி கிருஷ்ணய்யர் நிபந்தனையோட இடைக்காலத் தடை குடுத்தாரு, பிரதமரா இருக்கலாம், லோக்சபாவுல ஓட்டுப் போடக்கூடாதுன்னு. மறுநாள் ராத்திரி எமர்ஜென்சி. இங்கயும் பாருங்க, டி.டி.வி. தினகரன் பக்கம் நின்ன 18 அ.தி.மு.க. எம்.எல்.ஏ. தகுதி நீக்க வழக்குல 2018 ஜூன்ல ரெண்டு நீதிபதியும் ஆளுக்கொரு தீர்ப்பு சொல்லி, மூணாவது நீதிபதி அக்டோபர்ல நீக்கம் செல்லும்னு சொன்ன பிறகுதான் 2019-ல ஓட்டப்பிடாரத்துலயும் விளாத்திகுளத்துலயும் இடைத்தேர்தல் வந்துச்சு.

வள்ளியூர் வாசகி: எங்க பக்கத்து ஊர்ப் பிள்ளைக்கு நடந்த கொடுமையைச் செய்தியா போட்டாவ. பேர் போடல, ஆனா ஊரு, பள்ளிக்கூடம், அப்பா வேலை எல்லாம் போட்டுட்டாவ. இது சரியா?

சரியே இல்ல தாயி, சட்டப்படி குற்றம். பிள்ளைகளைப் பாலியல் கொடுமையில இருந்து காப்பாத்துற போக்சோ சட்டம் 23-வது பிரிவு பேரை மட்டும் சொல்லல, முகவரி, போட்டோ, குடும்ப விவரம், பள்ளிக்கூடம், அக்கம்பக்கம், பிள்ளை யாருன்னு காட்டிக்குடுக்கிற எதையும் போடக்கூடாதுங்கு. மீறுனா 6 மாசத்துல இருந்து 1 வருஷம் வரைக்கும் ஜெயிலோ அபராதமோ, ரெண்டுமோ கிடைக்கும், எழுதுனவரோட சேத்து பத்திரிகை நடத்துறவரும் பதில் சொல்லணும். தெருவுக்குப் பத்து வீடு இருக்க ஊர்ல '5-ம் வகுப்பு மாணவி, தந்தை லோடு ஆட்டோ டிரைவர்'னு போட்டா பேரு எதுக்கு வேணும், ஊரே அந்த வீட்டு வாசலைத்தான் பாக்கும். இந்த விஷயத்துல எனக்குக் கோவம் அடங்க மாட்டேங்கு. அந்தச் செய்தியை வெட்டி வச்சுக்கிட்டு போலீஸ்ல புகார் குடுங்க, அந்தப் பத்திரிகை ஆசிரியருக்கும் எழுதுங்க.

சேரன்மகாதேவி வாசகர்: எங்க வாய்க்கால் ஆக்கிரமிப்புக் கேஸ்ல 'ஹைகோர்ட் அதிரடி'ன்னு பேப்பர்ல வந்துச்சு. இன்னைக்கு வரைக்கும் ஒரு கல்லு நகரல. ஏன்?

ஆர்டரைப் படிச்சுப் பாத்தீங்களா அண்ணாச்சி? முக்காவாசி இந்த மாதிரி கேஸ்ல கோர்ட் சொல்லது 'மனுதாரர் குடுத்த மனுவை இத்தனை வாரத்துல சட்டப்படி பரிசீலிச்சு முடிவெடுங்க'ன்னுதான். இடிங்கன்னு சொல்லவே இல்ல. தாசில்தார் பரிசீலிச்சு முடியாதுன்னு எழுதிக் குடுத்தாக்கூட ஆர்டரை நிறைவேத்துனதாத்தான் ஆகும், அப்புறம் அந்தக் கடுதாசியை எதுத்து மறுபடி போகணும். அதை அதிரடின்னு எழுதுறது ஊர்க்காரவிய தலையில மண்ணள்ளிப் போடுற வேலை. ஒருவேளை இடிக்கவே சொல்லியிருந்து செய்யாம இருந்தா, மீறுன நாள்ல இருந்து ஒரு வருஷத்துக்குள்ள கன்டெம்ப்ட், அதாவது கோர்ட் அவமதிப்பு வழக்கு, போடணும், விட்டா போச்சு. ஹைகோர்ட் வெப்சைட்ல கேஸ் நம்பர் போட்டா ஆர்டர் கிடைக்கும், நம்ம பக்கத்து ரிட்டுன்னா டபிள்யூ.பி.ன்னு போட்டு அடைப்புக்குறிக்குள்ள மதுரையைக் குறிக்க எம்.டி.ன்னு இருக்கும். அந்த நம்பரை ஒவ்வொரு கோர்ட் செய்தியிலயும் போடணும்னு நான் ரொம்ப நாளா சொல்லிக்கிட்டு இருக்கேன், ஒரு வரி இடம்தான் ஆகும். எங்க இதழ்ல நம்பர் இல்லாம கோர்ட் செய்தி வந்தாலும் எனக்கு எழுதுங்க, தேடி எடுத்து அடுத்த இதழ்ல போடுதேன்.