மொட்டை மாடியில் நீர்க்கசிவு எங்கிருந்து வருகிறது என்று எப்படிக் கண்டறிவது?

உங்கள் வீட்டுக் கூரையில் ஏற்கெனவே கறை தோன்றியிருக்கும் என்று எண்ணுகிறேன். நானும் அந்த நிலையில்தான் இதே கேள்வியோடு அலைந்தேன்.

எங்கள் படுக்கையறைக் கூரையின் நடுவில் உள்ளங்கை அளவுக்குப் பழுப்புக் கறை வந்தபோது, அதற்கு நேர்மேலே மாடியில் தெரிந்த மயிரிழை விரிசல்தான் காரணம் என்று முடிவு செய்து அதை அடைத்தேன். அடுத்த மழையில் கறை பெரிதாகியது. பிறகு மாடி முழுவதும் நீர்காப்புப் பூச்சு அடிக்கச் செய்தேன். ஓராண்டுக்குள் அது கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. ஈரம் உலராத தளத்தில் பூசினால் உள்ளே அடைபட்ட நீர் வெயிலில் ஆவியாகிப் பூச்சைத் தள்ளிவிடும். பூசியவருக்கு இது தெரியாததல்ல. தளம் காயும்வரை காத்திருக்க அவருக்கு மனமில்லை என்பதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை.

கடைசியில் மாடியைச் சிறு வரப்புகளால் பகுதிகளாகப் பிரித்து, வடிகுழாயின் வாயை விட்டுச் சற்று உள்ளே தள்ளி அடைத்து, ஒவ்வொரு பகுதியிலும் 2.5 செ.மீ. உயரத்துக்கு 24 மணி நேரம் நீர் தேக்கிப் பார்த்தோம். வடிகுழாய் வாயைச் சுற்றித் தேக்கிய அன்றுதான் கறை நனைந்தது. அந்த இடம் கறையிலிருந்து ஏறக்குறைய 3 மீட்டர் தள்ளி இருந்தது. தளத்துக்குள் புகுந்த நீர் நேராகக் கீழே இறங்காமல், வழி கிடைத்த பக்கம் ஓடி வேறோரிடத்தில் வெளிப்படும்.

ஆகவே கறைக்கு நேர்மேலே தேடுவதோடு நிறுத்தாதீர்கள். மழை விட்டு 48 மணி நேரம் கடந்தும் மாடியில் நீர் தேங்கி நின்றால் வாட்டம், அதாவது நீர் வடிவதற்கான சரிவு, சரியில்லை. கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில் நீர்காப்புப் பூச்சு சுவரின்மேல் 15 செ.மீ. அளவாவது ஏறியிருக்கிறதா, அங்கே பிளவு உண்டா என்று பாருங்கள். கூரையின் அடியில் வெள்ளை உப்புப் படிந்திருந்தால், நீர் காங்கிரீட்டிலுள்ள சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு இறங்குகிறது என்று பொருள். காங்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியின் போக்கிலேயே விரிசலும் துருக்கறையும் தெரிந்தால் காலம் கடத்தாதீர்கள். துருப்பிடித்த கம்பி பருத்துக் காங்கிரீட்டை உடைக்கும்.

நான் பொறியாளர் அல்லன். மழையே இல்லாத குளிர்காலைகளிலும் ஈரம் தோன்றினால் அது உள்ளறைக் காற்றின் ஈரம் குளிர்ந்து படிவதாக இருக்கலாம் என்பதையும் மறுக்கவில்லை. தேக்கும் நீர் ஒரு சதுர மீட்டருக்கு 25 கிலோ எடை கூட்டும் என்பதால், பழைய தளமென்றால் பொறியாளரைக் கேட்காமல் இச்சோதனையில் இறங்க வேண்டாம்.

எங்கள் வடிகுழாயைச் சுற்றிக் கொத்திப் பார்த்தபோது, குழாய்க்கும் காங்கிரீட்டுக்கும் நடுவே விரல் நகம் நுழையும் அளவுக்குத்தான் இடைவெளி இருந்தது.