தூத்துக்குடி வெளித் துறைமுகம்: கேளுங்க, சொல்றேன்

தூத்துக்குடி வெளித் துறைமுகத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று பிரதமர் அடிக்கல் நாட்டினார். இப்போதைய துறைமுகத்துக்கு வெளியே, கடலுக்குள் சுவர் எழுப்பி, பெரிய கப்பல் வரும் ஆழத்தில் கட்டப்போகும் சரக்குப் பெட்டி முனையம் இது. மதிப்பீடு 7,055 கோடி ரூபாய். சரக்குக்குச் சுங்க வேலை முடித்துக் கொடுக்கும் கிளியரிங் ஏஜென்ட் வேலையில் இருபத்தாறு வருஷம் துறைமுக வாசலில் நின்றவன் என்பதால் என்னிடம் கேட்கிறீர்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி (கரூர், ஜவுளி ஏற்றுமதி): அண்ணாச்சி, எங்க கன்டெய்னர் பெட்டி தூத்துக்குடியிலதான் கப்பல் ஏறுது. அப்புறம் எதுக்குக் கொழும்புல போய் இறங்கணும்?

ஆழம்தான் காரணம், தம்பி. ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போகிற பெரிய தாய்க்கப்பல்களுக்கு 16 மீட்டராவது வேண்டும். தூத்துக்குடியில் 2024 செப்டம்பரில் திறந்த புதிய முனையத்திலேயே 14.2 மீட்டர்தான். கொழும்பு தெற்குத் துறைமுகத்தில் 18 மீட்டர். அதனால் இங்கே ஃபீடர் என்னும் சிறிய கப்பலில் ஏற்றி, அங்கே இறக்கி, மறுபடி ஏற்றுகிறோம்.

இதன் வலி எனக்குத் தெரியும். ஒரு வருஷம் கிறிஸ்துமஸ் விற்பனைக்கான திரைச்சீலைப் பெட்டிகளை அனுப்பினோம். ஃபீடர் கொழும்பு வெளியே காத்துக் கிடந்தது. தாய்க்கப்பல் கிளம்பிப் போய்விட்டது. ‘பெட்டி ரோல் ஆயிருச்சு’ என்று போனில் ஒரே வரி. அடுத்த கப்பலுக்குத் தள்ளிவிட்டார்கள் என்று அர்த்தம். அடுத்த கப்பலுக்குப் பதினோரு நாள். முதலாளி பாதி ஆர்டரை மறுபடி தைத்து விமானத்தில் அனுப்பினார். அந்த சீசன் லாபம் முழுக்க விமான வாடகையிலேயே போனது. அந்தச் சேதியைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போன அந்த ராத்திரி இன்னும் மறக்கவில்லை.

கேள்வி (நாகர்கோவில்): பக்கத்துலயே கேரளாவுல விழிஞ்ஞம் துறைமுகம் வந்துருச்சே. ரெண்டும் பிழைக்குமா?

விழிஞ்ஞத்துக்கு இயற்கையே ஆழம் கொடுத்திருக்கிறது. அதிகம் தூர்வார வேண்டியதில்லை. 2025 மே 2-இல் முறைப்படி நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. கப்பல் விட்டுக் கப்பல் மாற்றும் தொழிலில் அதனோடு மோதினால் நாம் தோற்போம். ஆனால் தூத்துக்குடிக்குப் பின்னால் திருப்பூர், கரூர், சிவகாசி, கோவில்பட்டி என்று சொந்தச் சரக்கு இருக்கிறது. ‘எங்கள் சரக்கை ஏற்ற நேராக வா’ என்று கப்பல் கம்பெனிகளை அழைப்பதுதான் நமக்கான திட்டம். சுவரும் கிரேனும் மட்டும் கப்பலைக் கொண்டுவராது. இத்தனை பெட்டி வாராவாரம் உறுதி என்று காட்ட வேண்டும், ரயில் பாதை வேண்டும், வாசலில் லாரி காத்துக் கிடக்கக் கூடாது. அரசு விளம்பரத்தில் கோடிகளைச் சொல்கிறார்கள். நான் வாரத்துக்கு எத்தனை தாய்க்கப்பல் என்றுதான் பார்ப்பேன்.

கேள்வி: சேதுசமுத்திரம் வந்திருந்தா இந்தக் கஷ்டமே இருந்திருக்காதே?

இருந்திருக்கும். 2005-இல் தொடங்கி 2007-இல் உச்ச நீதிமன்றத் தடையால் நின்ற அந்தக் கால்வாயின் திட்ட ஆழம் 12 மீட்டர். தாய்க்கப்பல் அதில் நுழையாது.

கேள்வி (தூத்துக்குடி, மீனவர் வீட்டுப் பெண்): கடலுக்குள்ள இன்னும் சுவர் எழுப்பினா எங்க கரை என்னாகும் அண்ணாச்சி?

உங்கள் பயம் நியாயமானது, தங்கச்சி. சென்னைத் துறைமுகச் சுவர் எழுந்த பிறகு தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம் பக்கம் கடல் ஊரைத் தின்றது. இங்கே மன்னார் வளைகுடாவின் வான்தீவு தேய்ந்துபோய், செயற்கைப் பவளத் திட்டுகள் போட்டுக் காப்பாற்ற வேண்டியிருந்தது. கரை அளவை இப்போதே எடுத்து வைக்கச் சொல்லிக் கேளுங்கள். பிறகு அரித்தால் அதுதான் ஆதாரம். கருத்துக் கேட்புக் கூட்டத்தில் வாயால் சொன்னால் போதாது. எழுதிக் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள்.

கேள்வி (ஐடிஐ மாணவர்): கப்பல் கட்டும் தளம் வருதாமே, வேலை கிடைக்குமா?

2025-இல் மத்திய அரசு பெரிய கப்பல்களுக்கு உள்கட்டமைப்பு அந்தஸ்து கொடுத்தது. நீண்ட காலக் கடன் கிடைப்பது சுலபமாகும். கப்பல் கட்டும் தொழிலுக்கு 69,725 கோடி ரூபாய்த் தொகுப்பும் அறிவித்தார்கள். நம்மூர் ஓடாவிகள் மரத்தோணி கட்டுவதில் கெட்டிக்காரர்கள். மாலத்தீவுக்குக் காய்கறியும் ஜல்லியும் ஏற்றிப் போவது அந்தத் தோணிகள்தான். ஆனால் இரும்புக் கப்பலுக்கு வேறு கை வேண்டும். வெல்டிங்கில் சாதாரணச் சான்றிதழோடு நிற்காதீர்கள். தட்டை, செங்குத்து, தலைக்கு மேல் என்று எல்லா நிலையிலும் வெல்டிங் பழகி, கப்பலின் தரத்தைச் சோதித்துச் சான்று தரும் வகைப்பாட்டு நிறுவனத்தின் தேர்வில் தேறுங்கள். தளம் இங்கே எழும்வரை கொச்சியில் வேலை பழகலாம்.