கேளுங்கள், சொல்கிறோம்: பாராலிம்பிக்கில் இந்தியா

மாரியப்பன் தங்கவேலு ரியோவில் உயரம் தாண்டுதலில் டி42 பிரிவில் தங்கம் வாங்கினார். பாரிஸில் டி63 என்று போட்டார்கள். பிரிவு மாறிவிட்டாரா?
– வாசகர், ஓமலூர்

அவர் மாறவில்லை, விதிதான் மாறியது. ரியோ வரை முழங்காலுக்கு மேல் கால் இழந்தவர்களும், அதற்கு ஈடாக ஒரு கால் பாதிக்கப்பட்டவர்களும் டி42 என்ற ஒரே பிரிவில் இருந்தார்கள். 2018இல் செயற்கைக் கால் பொருத்திக்கொண்டு போட்டியிடுவோருக்கு டி63 என்று தனிப்பிரிவு வந்தது. செயற்கைக் கால் இல்லாமல் தாண்டும் மாரியப்பன் இன்றும் டி42தான். உயரம் தாண்டுதலில் இரு பிரிவையும் சேர்த்து நடத்துவதால் போட்டிக்கு டி63 என்று பெயர்.

பெரியவடகம்பட்டிக்காரரான மாரியப்பன் தாண்டிய உயரங்களையும் பாருங்கள்: 2016இல் 1.89 மீட்டர், தங்கம், டோக்கியோவில் 1.86, வெள்ளி, 2024 பாரிஸில் 1.85, வெண்கலம். எட்டு ஆண்டில் குறைந்தது 4 சென்டிமீட்டர்தான். பாரிஸில் தங்கம் வென்ற அமெரிக்கர் தாண்டியது 1.94. களம் உயர்ந்துவிட்டது, அதிலும் மூன்றாவது பதக்கம் எடுத்தது பெரிய சாதனை.

ரியோவில் அதே போட்டியில் நம் வருண் சிங் பாட்டியும் வெள்ளி வென்ற அமெரிக்கரும் 1.86தானே தாண்டினார்கள்? வருணுக்கு மட்டும் ஏன் வெண்கலம்?
– கல்லூரி மாணவர், ஆத்தூர்

சம உயரம் என்றால், கடைசியாகத் தாண்டிய உயரத்தில் யாருக்குத் தவறு குறைவு என்று முதலில் பார்ப்பார்கள். அதுவும் சமமானால், அந்த உயரம் வரை செய்த மொத்தத் தவறுகளை எண்ணுவார்கள். ஆகவே குறைந்த உயரத்தில் அலட்சியமாகக் கம்பைத் தட்டிவிடுவது பின்னால் பதக்கத்தின் நிறத்தையே மாற்றும்.

இந்தியா இதுவரை எத்தனை பதக்கம் வென்றிருக்கிறது?
– வாசகர், சூரமங்கலம்

பாரிஸ் வரை 60. அதில் தங்கம் 16. முதல் தங்கம் 1972 ஹைடல்பர்க்கில், 50 மீட்டர் நீச்சலில் முரளிகாந்த் பேட்கர் வென்றது. அந்த ஆண்டு கிடைத்த பதக்கம் அது ஒன்றுதான். எல்லாப் பதக்கங்களையும் சேர்த்தால் 1984இல் 4, 2004இல் 2, 2012இல் 1, 2016இல் 4. ஆக ரியோ வரை மொத்தமே 12. பிறகு டோக்கியோவில் மட்டும் 19, பாரிஸில் 29.

என் மகனுக்கு வலது கால் 5 சென்டிமீட்டர் குட்டை. மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இருக்கிறது. பாரா தடகளத்தில் சேர்க்கலாமா?
– வாசகி, ஏற்காடு

நீள வேறுபாடு மட்டும் என்றால் முடியாது; குறைந்தது 7 சென்டிமீட்டர் வேண்டும். படுக்க வைத்து, இடுப்பெலும்பின் முன்முனையிலிருந்து கணுக்காலின் உட்புறம் வரை அளப்பார்கள். நிற்க வைத்து, செருப்பு உயரத்தை வைத்துப் போடும் கணக்கு செல்லாது. ஆனால் போலியோவாலோ நரம்புப் பாதிப்பாலோ தசை பலவீனமாக இருந்தால், அல்லது மூட்டு மடங்காவிட்டால், அந்த வழியில் தகுதி பெற வாய்ப்புண்டு. முதலில் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையின் எலும்பியல் பிரிவில் தசை வலுவையும் மூட்டு அசைவையும் சோதித்து எழுதி வாங்குங்கள்.

பலர் தவறுவது இங்கேதான்: அட்டையில் உள்ள சதவீதத்தை நம்பிவிடுகிறார்கள். 40 சதவீதம் அரசு உதவிக்கான கணக்கு. விளையாட்டுப் பிரிவை அது தீர்மானிப்பதில்லை. எந்தப் பிரிவு என்று முடிவு செய்யும் வகைப்பாட்டுக் குழு மகனை நேரில் சோதிக்கும், ஓடவும் தாண்டவும் சொல்லும், போட்டியிலும் கவனிக்கும். எக்ஸ்ரே, அறுவைச் சிகிச்சைக் குறிப்பு எல்லாவற்றையும் கையோடு கொண்டுபோங்கள். டோக்கியோவில் உட்கார்ந்து எறியும் எஃப்52 பிரிவு வட்டு எறிதலில் நம் வினோத் குமார் வென்ற வெண்கலமே, வகைப்பாட்டை முடிக்க முடியாமல் செல்லாமல் போனது.

தேசியப் போட்டியில் கிடைக்கும் பிரிவு வெளிநாட்டுக்குப் போதாது; அங்கே சர்வதேசக் குழு மறுபடி பார்க்கும். வளரும் பிள்ளை என்பதால் சில ஆண்டு கழித்து மறுபரிசீலனை என்றே எழுதுவார்கள். பயிற்சிக்கு சேலம் மகாத்மா காந்தி விளையாட்டு அரங்கில் மாவட்ட விளையாட்டு அலுவலரைக் கேளுங்கள். மருத்துவர் அனுமதிக்கும்வரை தாண்டுதல் பயிற்சி வேண்டாம்.