உயிர்மருத்துவப் பொறியியல் மாணவர்களுக்குக் குழு வடிவமைப்புத் திட்டம் எதற்கு? வகுப்புப் பாடம் போதாதா?

போதாது. பாடப்புத்தகக் கணக்கில் என்ன தேவை என்பது தெளிவாக எழுதப்பட்டிருக்கும். மருத்துவமனையில் அப்படி யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. "இந்தக் கருவி தொல்லை தருகிறது" என்று ஒரு செவிலியர் சொல்வார், அவ்வளவுதான். அந்த ஒரு வரியிலிருந்து அளக்கக்கூடிய தேவைகளை வடித்தெடுப்பதே முதல் வேலை. மாணவர்கள் அதிகம் தடுமாறுவதும் அங்கேதான்.

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 660 நானோமீட்டர் சிவப்பொளியையும் 940 நானோமீட்டர் அகச்சிவப்பொளியையும் விரல் வழியே செலுத்தி, அவை உறிஞ்சப்படும் விகிதத்திலிருந்து ரத்தத்தின் ஆக்சிஜன் செறிவைக் கணிக்கிறது. மாதிரி மின்சுற்றை அமைப்பது பெரிய காரியமல்ல. விரல் அசைந்தால், குளிர்ந்திருந்தால், நகப்பூச்சு இருந்தால், தோல் கருமையாக இருந்தால் அளவு பிசகக்கூடுமே, அதற்கு என்ன செய்வது? மின்னணுவியலில் கைதேர்ந்தவர், நிரல் எழுதுபவர், உடலியங்கியல் அறிந்தவர் மூவரும் ஒரே மேசையில் வாதாடியே தீர வேண்டும். எந்த எழுத்துத் தேர்வும் அந்த வாதத்தைக் கற்றுத்தராது.

மருத்துவக் கருவிகளின் இடர் மேலாண்மைக்கான ஐஎஸ்ஓ 14971 தரநிலையையும் அந்த நேரத்திலேயே கையில் கொடுத்துவிடலாம். தனிப் பாடமாக நடத்தினால் தூக்கம்தான் வரும்.

ஒரு குறை உண்டு: ஒருவர் உழைக்க, மற்றவர்கள் பெயர் போட்டுக்கொள்வது. ஆளுக்கொரு வடிவமைப்புக் குறிப்பேடு, சக மாணவர் மதிப்பீடு, இடையிடையே தனித்தனி வாய்மொழிக் கேள்விகள் ஆகியவை அதை ஓரளவு தடுக்கும். முற்றிலும் தடுக்கும் என்று நான் நம்பவில்லை. குழுவில் ஐந்து பேருக்கு மேல் சேர்க்காதீர்கள்.