துரு பிடிக்கிற எதைப் பத்தியும் கேளுங்க

இரும்பு பட்டறை வச்சிருக்கேன். பெயிண்ட் வேலையும் நாங்களே பார்க்கிறோம். கேட், கிரில், கலப்பை, மெஷின் எதுவானாலும் கேளுங்க. எந்தக் கம்பெனி பெயிண்ட் நல்லதுன்னு மட்டும் கேட்காதீங்க. அடிக்கிறதுக்கு முன்னாடி இரும்பு எந்த நிலைமையில இருந்துச்சு, அதுதான் பேச்சு.

தூத்துக்குடியிலிருந்து: அண்ணா, வீடு கடலுக்குப் பக்கம். வருஷா வருஷம் பொங்கலுக்கு கேட்டுக்கு எனாமல் அடிக்கிறோம். ஆடி வர்றதுக்குள்ள கொப்புளம் கொப்புளமா கிளம்பிடுது. பெயிண்ட் மட்டமா?

பெயிண்ட் மேல பழி போடாதீங்க. ஒரு கொப்புளத்தை உளி முனையால குத்திப் பாருங்க. உள்ளே பழுப்புப் பொடியும் ஈரமும் இருக்கும். அடியில மாட்டின உப்பு, பெயிண்ட் வழியாவே ஈரத்தை உள்ள இழுக்கும். துரு இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும், அதனால வளர வளர பெயிண்டைத் தூக்கிடும். அது மேலயே பொங்கலுக்குப் பொங்கல் பூசுறீங்க.

பழைய பெயிண்ட் மொத்தத்தையும் எடுங்க. கிரைண்டர்ல வயர் பிரஷ் மாட்டி இரும்பு வெளுக்கிற வரைக்கும் தேய்ங்க. பிறகு நல்ல தண்ணி ஊத்திக் கழுவுங்க. இரும்புல தண்ணியான்னு பதறாதீங்க. உப்பு தண்ணிக்குத்தான் போகும், பெயிண்டை இளக்குற தின்னருக்குப் போகாது. போர் தண்ணி உப்புன்னா மட்டும் அதைத் தொடாதீங்க. உடனே துடைச்சு, வெயில்ல காய வச்சு, லேசா செம்மை பூத்திருந்தா இன்னொரு தேய்ப்பு தேய்ச்சுட்டு அன்னைக்கே ப்ரைமர், அதாவது அடிப்பூச்சு, அடிச்சிடணும். கடலோரத்துக்கு ரெட் ஆக்சைடு ப்ரைமர் பத்தாது. ரெண்டு டப்பா சேர்த்துக் கலக்குற எபாக்சி ஜிங்க் பாஸ்பேட் ப்ரைமர் ரெண்டு கோட்டு, அதுக்கு மேல பாலியூரித்தேன் மேல்பூச்சு. எபாக்சியையே மேல்பூச்சா விட்டா வெயில்ல வெளுத்து, தொட்டா கையில மாவா ஒட்டும்.

முனைகளை மறந்துடாதீங்க. கூர் முனையில பெயிண்ட் நிக்காது, விலகி மெலிஞ்சிடும். முனை, வெல்டிங் கோடு, போல்ட் தலை எல்லாத்துக்கும் முதல்ல சின்ன பிரஷ்ல ஒரு கை போட்டுட்டு, அப்புறம் முழுசா அடிங்க. தரையில படுத்து கேட்டோட அடிப்பட்டையைப் பாருங்க. பல வீட்டுல அங்க பெயிண்டே இருக்காது! சதுரக் குழாய்க்குள்ள தண்ணி தேங்கினா அடியில ஒரு ஓட்டை போட்டு வடிய விடுங்க.

2025ல திறந்த பாம்பன் புதுப் பாலத்துக்கு உப்புக் காத்தைத் தாங்க பாலிசிலாக்சேன்னு ஒரு பூச்சு கொடுத்திருக்காங்க. வீட்டு கேட்டுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம்.

மதுரையிலிருந்து: புது ஜன்னல் கிரில் ரெட் ஆக்சைடு அடிச்சுத்தான் வந்தது. நாலு மாசமா மழையில கிடக்கு, துரு தெரியுது. ப்ரைமர் அடிச்சும் எப்படி சார்?

ப்ரைமர் தனியா மழை தாங்காது. ஈரம் அதுல ஊடுருவும். மேல எனாமல் விழுந்தாத்தான் அடைபடும். இன்னொரு கோளாறும் இருக்கலாம். புது ஆங்கிள், பட்டை மேல நீலச் சாம்பல் நிறத்துல வழவழன்னு ஒரு தோல் இருக்கும். மில்லுல சூடா உருட்டும்போது உருவாகிற செதில் அது. பல பட்டறையில அதை எடுக்காம, தின்னர் தாராளமா ஊத்தி இளக்குன ரெட் ஆக்சைடை ஒரு கை இழுத்து அனுப்பிடுறாங்க. செதில் உரியும்போது பெயிண்டும் கூடவே போகும். துரு வந்த இடத்தை வெறும் இரும்பு வரைக்கும் தேய்ச்சு, திரும்ப ப்ரைமர் அடிச்சு, ஒரு வாரத்துக்குள்ள எனாமல் போட்டுடுங்க.

தஞ்சாவூரிலிருந்து: கலப்பைக் கொழுவுக்கு என்ன பெயிண்ட் அடிக்கலாம் ஐயா?

எதுவும் வேண்டாம். மண்ணுல உரசுற முகத்துல பெயிண்ட் ரெண்டு சால் கூட நிக்காது. கழுவி, காய வச்சு, கிரீஸ் தடவி நிழல்ல நிறுத்துங்க. பெயிண்ட் எல்லாம் கலப்பையோட சட்டத்துக்குத்தான். உரம் போடுற கருவியை மட்டும் அன்னன்னைக்கே கழுவிடுங்க. டி.ஏ.பி.யும் பொட்டாஷும் உப்பு வகை, ஒரே ராத்திரியில வேலையைக் காட்டிடும்.

கோயம்புத்தூரிலிருந்து: பழைய லேத் வாங்கினேன். பெட்டுல (மெஷினோட நீளமான அடித்தளம்) மேலோட்டமா துரு. எமரித் தாள் போடலாமா?

வேண்டவே வேண்டாம். எமரித் துகள், பெட் மேல நகர்ற கேரேஜுங்கிற பாகத்துக்கு அடியில போய் பெட்டை அரிக்கும். எண்ணெய் ஊத்தி ஊற விட்டு, பிளேடைப் படுக்க வச்சு சுரண்டுங்க. துணியால துடைச்சுட்டு, நகர்ற தடத்துக்குப் போடுற ஸ்லைடுவே ஆயில் தடவுங்க. பெட்டுக்குப் பெயிண்ட் கிடையாது.

சேலத்திலிருந்து: ஜி.ஐ. ஷீட்ல (துத்தநாகம் பூசின இரும்புத் தகடு) அடிச்ச எனாமல் தோல் தோலா உரியுது.

உரியத்தான் செய்யும். எனாமல்ல இருக்கிற எண்ணெயும் ஷீட் மேல இருக்கிற துத்தநாகமும் சேர்ந்து நடுவுல சோப்பு மாதிரி ஒரு படலம் உண்டாகும், பிடிமானம் போயிடும். உரிஞ்சதை எடுத்துட்டு, பிசுக்குப் போகக் கழுவி, துத்தநாகத்தை லேசா அரிச்சுப் பிடிக்கிற எட்ச் ப்ரைமர் அடிச்சு அது மேல எனாமல் போடுங்க.

திருச்சியிலிருந்து: துருவைக் கறுப்பா மாத்துற திரவம் விற்கிறாங்களே, நம்பலாமா?

இரும்போட இறுகிப் பிடிச்ச மெல்லிய துருவுக்கு நம்பலாம். டானிக் அமிலமோ பாஸ்பாரிக் அமிலமோ இருக்கும். செதிலா உதிர்ற துரு மேல ஊத்துறது காசுக்குக் கேடு. மேல பெயிண்ட் அடிக்காம விட்டா அதுவும் நிக்காது.

காரைக்குடியிலிருந்து: தாத்தா காலத்து கேட்டைச் சுரண்டப் போறேன். வீட்டுல கைக்குழந்தை இருக்கு.

நல்ல வேளை கேட்டீங்க. பழைய பெயிண்ட்ல ஈயம் இருக்கலாம். நம்ம நாட்டுல வீட்டுப் பெயிண்ட்ல ஈயத்துக்கு 90 பி.பி.எம். (பத்து லட்சத்துல 90 பங்கு) வரம்பே 2017 நவம்பர்லதான் அமலுக்கு வந்துச்சு. கிரைண்டர் போட்டுப் புழுதி கிளப்பாதீங்க, தீ காட்டியும் உரிக்காதீங்க. ஈர உப்புத்தாள்ல தேய்ங்க, மாஸ்க் போடுங்க, குழந்தையை அந்தப் பக்கமே விடாதீங்க. உதிர்ந்ததைக் கூட்டிச் செடிக்குப் போட்டுடாதீங்க.

கடலூரிலிருந்து: ஐப்பசி மழை விட்ட நேரத்துல அடிக்கலாமா?

ஈரத்துணியால இரும்பை ஒரு தடவை துடைங்க. கால் மணி நேரத்துல தானா காஞ்சா அடிக்கலாம். காயலைன்னா டப்பாவைத் திறக்காதீங்க.