கண்ணாடியில் சாண்ட்பிளாஸ்டிங்: நீங்கள் கேட்டதும் நான் சொன்னதும்

கேள்வி: அண்ணா, டயருக்குக் காற்றடிக்கும் சின்ன கம்ப்ரஸர் இருக்கிறது. போதுமா?

போதாது. சாண்ட்பிளாஸ்டிங் என்றால் கன் என்கிற கைக்கருவி வழியாக அழுத்தக் காற்றோடு கரகரப்பான பொடியைப் பீய்ச்சிக் கண்ணாடியைச் செதுக்குவது. எல்லோரும் பிஎஸ்ஐ, அதாவது காற்றின் அழுத்தம், எவ்வளவு என்று பார்த்து வாங்குகிறார்கள். பார்க்க வேண்டியது சிஎஃப்எம்: நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று வருகிறது என்பது. கண்ணாடிக்கு 30, 40 பிஎஸ்ஐ தாராளம், ஆனால் அது விடாமல் வர வேண்டும். டயர் கம்ப்ரஸர் கொஞ்ச நேரம் சீறும், அப்புறம் மூச்சு வாங்கும். கம்ப்ரஸருக்கும் கன்னுக்கும் நடுவே வாட்டர் ட்ராப் (காற்றிலுள்ள ஈரத்தைப் பிடித்து வைக்கும் சாதனம்) மாட்டுங்கள். காற்று ஆறும்போது ஈரம் பிரியும், பொடி கட்டிதட்டிக் கன்னின் நாசிலை, அதாவது முனையை, அடைக்கும். 'கன் கெட்டுப்போச்சு' என்று வருகிறவர்களில் பாதிப் பேருடைய கோளாறு இதுதான்.

கேள்வி: வினைல் ஸ்டென்சில் ஓரம் ஓரமாகப் பிய்ந்துவிடுகிறது. பசை சரியில்லையா?

ஸ்டென்சில் என்பது பொடி படக்கூடாத இடத்தை மறைக்க ஒட்டும் வெட்டுத் தாள். நீங்கள் கன்னைச் சாய்த்துப் பிடிக்கிறீர்கள். பசைமேல் பழி போடாதீர்கள். கண்ணாடி நொறுங்கும் பொருள். பொடி நேர் செங்குத்தாக மோதினால்தான் அது அதிகம் தேயும். ரப்பர், வினைல் போன்றவை நேர் மோதலை வாங்கித் திருப்பி அனுப்பிவிடும். சாய்வாக வரும் துகள்தான் அவற்றைக் கிழிக்கும். பஞ்சு மாதிரி இருக்கும் ஸ்டென்சில் தாங்குவதும், இரும்பு மாதிரி இருக்கும் கண்ணாடி கரைவதும் இதனால்தான். முக்கால் சாண் தள்ளி, நேராகப் பிடித்து, கையை நிறுத்தாமல் நகர்த்துங்கள். ஒட்டுவதற்கு முன் கண்ணாடியில் கைரேகை எண்ணெய் இல்லாமல் துடைத்தீர்களா? அதையும் பாருங்கள்.

கேள்வி: சார், கட்டட வேலைக்கு வந்த மணல் மிச்சம் இருக்கிறது. சலித்துப் போடலாமா?

கூடாது. பேரில்தான் சாண்ட். 1870இல் அமெரிக்காவில் டில்மன் காப்புரிமை வாங்கிய காலத்தில் மணல் ஓடியது, பெயர் ஒட்டிக்கொண்டது. இன்றைக்கு அலுமினியம் ஆக்ஸைடு அல்லது சிலிக்கன் கார்பைடு. 120 முதல் 180 கிரிட்டில் (பொடியின் அளவு எண், கூடக்கூடப் பொடி மெலிது) தொடங்குங்கள். மணல் தூசு நுரையீரலில் தழும்பாகத் தங்கும். சிலிகோசிஸ் என்று பெயர், குணப்படுத்த மருந்து கிடையாது.

கேள்வி: டஃபன்ட் கண்ணாடி டேபிளில் ஆழமாகச் செதுக்கலாமா?

வேண்டாம். டஃபன்ட் என்பது சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்துப் பலப்படுத்திய கண்ணாடி. மேல்தோலில் இறுக்கி வைத்திருக்கும் அழுத்தத்தை உடைத்தால் முழுப் பலகையும் துகளாகக் கொட்டும். சாதாரணக் கண்ணாடியில் செதுக்கி, பிறகு டெம்பர் செய்ய (அதாவது டஃபன்ட் ஆக்க) முடியுமா என்று கடையில் கேளுங்கள்.

கேள்வி (மணல் கேட்ட அதே நபர்): நான் மணலை நன்றாகக் கழுவிக் காயவைக்கிறேன். அப்போது தூசு இருக்காதே?

பையில் இருக்கும் தூசைப் பற்றி நான் பேசவில்லை, தம்பி. கண்ணாடியில் மோதும் நொடியில் ஒவ்வொரு மணியும் சிதறிப் புதுத் தூசாகிறது. அதை எப்படிக் கழுவுவீர்கள்?

கேள்வி (அவரேதான்): சரி, கண்ணாடியே சிலிக்காதானே! அப்படியானால் நீங்கள் சொல்லும் பொடியை அடித்தாலும் அதே ஆபத்துதானே?

நல்ல கேள்வி. இத்தனை நேரம் சண்டை போட்டதற்குப் பலன். சாதாரணக் கண்ணாடியில் சுமார் 70 சதவீதம் சிலிக்காதான். ஆனால் மணலில் இருப்பது குவார்ட்ஸ்: அணுக்கள் வரிசைகட்டி நிற்கும் படிகம். கண்ணாடி உருகி, வரிசை பிடிப்பதற்குள் உறைந்தது, படிகம் இல்லை. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1997இல் மூச்சில் போகும் படிகச் சிலிக்காவைப் புற்றுநோய்க் காரணியாகவே வகைப்படுத்தியது, படிகமற்றதை அப்படிச் சொல்லவில்லை. அதற்காகக் கண்ணாடித் தூசை முகர்ந்து பார்க்கச் சொல்லவில்லை. மூடிய கேபினட் (உள்ளே வைத்து அடிக்கும் பெட்டி), தூசு உறிஞ்சி, முகத்தில் இறுக்கமாக உட்காரும் நல்ல மாஸ்க் மூன்றும் வேண்டும். கைக்குட்டை மாஸ்க் ஆகாது.

கேள்வி: எந்த கம்ப்ரஸர் வாங்கலாம்?

முதல் பதில்.

கேள்வி: ரோஜா இதழ்கள் ஒன்றன்மேல் ஒன்று எழுந்து நிற்பதுபோல் செய்கிறார்களே, அது எப்படி அக்கா/அண்ணா?

அண்ணா. இதைக் கேட்க யாராவது வரமாட்டார்களா என்று காத்திருந்தேன். மொத்த ஸ்டென்சிலையும் ஒட்டி, எல்லா இதழ்களையும் வெட்டி வைத்துக்கொள்ளுங்கள், உரிக்காதீர்கள். பார்ப்பவருக்கு மிக அருகில் இருக்கும் இதழை மட்டும் முதலில் உரித்து ஆழமாகச் செதுக்குங்கள். அடுத்து அதன் பின்னால் இருக்கும் இதழ். முந்தையதை மூடத் தேவையில்லை. இரண்டும் சேரும் கோட்டில் ஒரு படி நிற்கும், அந்தப் படிதான் ஜாலம். செதுக்குவது பின்புறத்தில், பள்ளமாகத் தோண்டியது முன்புறமிருந்து புடைத்துத் தெரியும். எழுத்து இருந்தால் திருப்பி வெட்ட மறக்காதீர்கள். ஒரு முழுப் பெயர்ப்பலகையை நான் நேராக வெட்டித் தொலைத்திருக்கிறேன். தடிமனில் பாதிக்கு மேல் போகவே கூடாது. 10 அல்லது 12 மில்லிமீட்டர் கண்ணாடி எடுங்கள்.

கேள்வி: எட்சிங் க்ரீம் நல்லதா?

அது பொடி அடிக்காமல் ரசாயனத்தால் கண்ணாடியை அரிக்கும் ஃப்ளூரைடு சமாசாரம், என் துறை இல்லை. வேதியியல் தெரிந்தவரைக் கேளுங்கள்.

கேள்வி: கடல் மணல்?

மேலே படியுங்கள். மணல், மணல், மணல். எந்த ஊர் மணலானாலும்.

கேள்வி: கழுவியதும் டிசைனே காணோம்! அழிந்துவிட்டதா?

காயட்டும், வந்துவிடும். வெள்ளையாகத் தெரிவது சாயமல்ல. சொரசொரப்பில் பட்டு ஒளி சிதறுவது. தண்ணீர் அந்தக் குழிகளை நிரப்பினால் சிதறல் குறைந்து கண்ணாடி தெளிந்துவிடும். எண்ணெய்க் கை பட்டால்தான் தொல்லை, அந்தக் கறை தானாகக் காயாது. சோப்புத் தண்ணீரில் மென்மையான பிரஷ் போட்டுத் தேயுங்கள்.